சிவப்பு எரியுது, பச்சை எரியுது

போன மாதம் என் பேத்தி புதுக் கார் வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். முதலில் என்னைத்தான் ஏற்றி உட்கார வைத்தாள். டாஷ்போர்டில் இருந்த கண்ணாடித் திரையை விரலால் தடவினாள். உள்ளே எரிந்த விளக்குகள் நிறம் மாறி மாறி வந்தன. “தாத்தா, நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். எந்தக் கலர் வைக்கட்டும், சொல்லுங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருஷம் பெங்களூரில் வண்டிகளுக்கு விளக்கு மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் நான். ஆனால் எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. இரண்டும் வண்டல் மண் மாதிரி ஒரே நிறமாகத் தெரியும். இது தெரிந்தவர்கள் மொத்தம் நாலு பேர். மூன்று பேர் இப்போது இல்லை. நாலாவது ஆள் என் மனைவி. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதுங்க, இனிமே யாரு உங்கள வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க?” என்றாள். அதனால் எழுதுகிறேன். பேத்திக்கு என்ன பதில் சொன்னேன் என்பது கடைசியில் வரும்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜோகுபாளையத்தில் வீடு. ஓல்டு மெட்ராஸ் ரோட்டை ஒட்டியிருந்த ஒர்க்‌ஷாப்புக்குக் காலையில் நடந்தே போய்விடுவேன். கார், வேன், லாரி எல்லாம் வரும். அந்தக் காலத்து வண்டியில் ஒயருக்கு மேலே நூல் உறை பின்னியிருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். சேர்ந்த முதல் மாதமே, சிவப்பு ஒயரை எடு என்றதும் பச்சையை எடுத்து நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். “தூக்கக் கலக்கம்” என்று சொல்லித் தப்பித்தேன். தினமும் தூக்கக் கலக்கம் என்று சொல்ல முடியுமா?

அன்றைக்கே ஒரு டெஸ்ட் லாம்ப் செய்துகொண்டேன். ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், முனையில் ஊசி. ஒரு ஒயரைத் தொடுமுன் அதில் மின்சாரம் வருகிறதா, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பல்பை எரிய வைத்துப் பார்த்துவிடுவேன். நிறத்தை நம்புவதே இல்லை. இதனால் வேலை மெதுவாக நடந்தது. ஆனால் தப்பு வரவில்லை. ஐந்தாறு வருஷம் ஓடிய வண்டியில் கிரீஸும் புழுதியும் ஏறி எல்லா ஒயரும் ஒரே நிறமாகியிருக்கும். நல்ல கண் உள்ளவர்கள் அங்கே தலையைச் சொறிவார்கள். எனக்கு அது தினப்படி நிலைமை. “பழைய வண்டியா, தேவராஜைக் கூப்பிடு” என்று பெயர் வாங்கிவிட்டேன். ரொம்பப் பொறுப்பானவன் என்று பாராட்டினார்கள். என் குறைக்குக் கிடைத்த பாராட்டு அது. கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஃபோர்மன் பெயர் சாமுவேல். காக்கிச் சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு இருக்கும். சாயங்காலம் வரை கலையாது. குரலை உயர்த்த மாட்டார். வண்டியில் குறை கண்டால் அந்தக் கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டுப் போய்விடுவார். வேலையைச் செய்தவன் அழிக்கும்வரை ஊரே அதைப் படிக்கும். நீங்கள் என்ன சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எத வச்சு சொல்ற?” டைனமோ போயிடுச்சு சார் என்றால், எத வச்சு சொல்ற? மணி பன்னிரண்டாச்சு சார் என்றாலும், எத வச்சு சொல்ற? முதல் இரண்டு வருஷம் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

டாஷ்போர்டு விளக்கு வேலைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பகல் வெளிச்சத்தில் அந்தச் சின்னப் பல்புகள் எரிவது தெரியாது. அதனால் வண்டியின் முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் கருப்புக் கம்பளியால் மூடிவிட்டு, இரண்டு பேர் உள்ளே போக வேண்டும். ஒருவன் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயரை இணைப்பான். மற்றவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை வெளியே கேட்கும்படி கத்த வேண்டும். “சிவப்பு எரியுது. அணையுது. பச்சை எரியுது. அணையுது.” வெளியே நிற்கும் சாமுவேல் சார் அதைக் கேட்டு நோட்டில் டிக் போடுவார். ஏப்ரல் மாதத்தில் அந்தக் கம்பளிக்குள் இருந்தால் ஆளே வெந்துவிடுவான்.

கீழே படுப்பவன் எப்போதும் நான். கத்துபவன் மஸ்தான். எனக்கு இரண்டு வயது மூத்தவன், சிவாஜி நகர்க்காரன், வெண்கலக் குரல். முதுகு வலிக்கிற வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று அவனுக்கு என் மேல் தனிப் பிரியம். எட்டு வருஷம் இப்படியே ஓடியது.

எல்லாம் கவிழ்ந்தது ஒரு சனிக்கிழமை. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் வேன் எங்களிடம் வந்திருந்தது. கோலார் ரோட்டுக் கிராமங்களுக்கு முகாம் போய், அவசரமான நோயாளிகளை ஊருக்கு ஏற்றிவரும் வண்டி. டிரைவர் அந்தோணி அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எஞ்சின் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள்ளை அவரால் அந்தி நேரத்தில் படிக்க முடியவில்லை. டாஷ்போர்டில் எரிந்த வெள்ளை விளக்கோ கண்ணைக் கூசியது. “எனக்கு முள்ளெல்லாம் வேணாம் தம்பி. ரெண்டே ரெண்டு வெளக்கு போதும். ஆயில் போச்சுன்னா ஒண்ணு எரியட்டும். பின்னாடி நர்ஸம்மா லைட்டு போட்டிருந்தா ஒண்ணு எரியட்டும். அவங்க அணைக்க மறந்து பேட்டரி தீந்துபோவுது” என்றார்.

ஆயிலுக்குச் சிவப்பு, பின்னறை விளக்குக்குப் பச்சை என்று முடிவாயிற்று. நிறக் கண்ணாடி மூடி கிடைக்காத காலம். பல்பையே லாக்கர் என்ற மெருகுச் சாயத்தில் முக்கிக் காயப்போடுவோம். இரண்டு மாட்டினால் இரண்டு உபரி. அவற்றைச் சுவரில் கயிற்றில் தொங்கவிடுவோம், இடது ஆணியில் சிவப்பு, வலது ஆணியில் பச்சை. சாய பாட்டில்கள் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அடையாளத்துக்குச் சிவப்பு பாட்டிலின் கழுத்தில் நான் ஒரு நூல் கட்டி வைத்திருந்தேன்.

அன்று மஸ்தான் வரவில்லை; அவன் தங்கைக்குக் கல்யாணம். வியாழக்கிழமையே பந்தல் பல்புகளுக்குப் பூச அந்தச் சிவப்பு பாட்டிலை வாங்கிப் போயிருந்தான். மறுநாள் திருப்பி வைத்தபோது நூல் இல்லை. பல்பு கட்ட அதையும் எடுத்துக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை காலை நான் அலமாரியைத் திறந்தால் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிவப்பு எப்போதும் இடது பக்கம் இருக்கும். அதை வைத்து இடது பக்கத்து பாட்டிலை எடுத்தேன். ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டு, “இது என்ன கலர்?” என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்க வாய் வரவில்லை. எட்டு வருஷம் கட்டிக் காத்த மானம் போய்விடுமே.

பல்பை மாட்டினேன். கம்பளியைப் போட்டேன். சாமுவேல் சார் நோட்டோடு வந்து வெளியே நின்றார். “உள்ள ரெண்டு பேரும் ரெடியா?” என்றார். “ரெடி சார்” என்றேன். உள்ளே நான் ஒருவன்தான். ஒயரை இணைப்பதும் பிரிப்பதுமாக எழுந்து எழுந்து சீட்டில் உட்கார்ந்து, மஸ்தான் மாதிரியே கத்தினேன். “சிவப்பு எரியுது. அணையுது. பச்சை எரியுது. அணையுது.” இரண்டும் எனக்கு மண் நிறத்தில் எரிந்தன. வெளியே டிக் போடும் சத்தம் கூடக் கேட்டது போல் இருந்தது.

உச்சி வெயிலில் அந்தோணி அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வெளிச்சத்தில் எந்த விளக்கும் யாருக்கும் தெரியாது. “பச்சை எரிஞ்சா கவலைப்படாதீங்க அண்ணே. சிவப்பு எரிஞ்சா எங்க இருந்தாலும் நிறுத்திடுங்க” என்று பெரிய மனுஷன் மாதிரி புத்தி வேறு சொல்லி அனுப்பினேன்.

நாலு மணிக்கு டீ நேரத்தில், கல்யாண பிரியாணியை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு மஸ்தான் வந்தான். சாப்பிட உட்கார்ந்தோம். சுவரைப் பார்த்தவன் சிரித்தான்.

“அரே, யாருப்பா இது? செவப்பு ஆணியில பச்சைய மாட்டி வச்சிருக்கான்?”

எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். “தேவராஜு, உனக்குத் தெரியலையா?” என்று மெதுவாகக் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். “எட்டு வருஷமாவா?” அதற்கும் ஆட்டினேன். “சரி உடு. திங்கக்கெழம வண்டி வரட்டும். ரெண்டு பல்ப மாத்திப் போட்டா ஆச்சு. ரெண்டு நிமிஷம். நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத” என்றான்.

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். நிறம் தெரியாத எலக்ட்ரீஷியனை எவன் வைத்துக்கொள்வான்? ஆனால் கையைக் கழுவும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த விளக்கை மாட்டுவதற்காக முந்தின நாள் ஆயில் குழாயைக் கழற்றி ஒரு புது இணைப்புப் போட்டிருந்தோம். புது இணைப்பு கசியலாம். கசிந்தால் பச்சை எரியும். பச்சை எரிந்தால் கவலைப்படாதீர்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவார். நடு ரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிடும், பின்னால் ஒரு நோயாளியோடு.

சாமுவேல் சார் அறைக்குப் போனேன். எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், ஆஸ்பத்திரி வண்டியில வெளக்கு மாறிப்போச்சு. ஆயிலுக்குப் பச்சை போட்டுட்டேன்.”

“எத வச்சு சொல்ற?”

“உபரி பல்பப் பாத்து சார்.”

“நீ பாத்தியா?”

“மஸ்தான் பாத்தான்.”

“நீ?”

“எனக்குத் தெரியாது சார். செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுலேருந்தே.”

பேனாவை மூடினார். “காலையில மஸ்தான் லீவுல்ல? கம்பளிக்குள்ளேருந்து கத்தினது யாரு?”

“நான்தான் சார்.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். வண்டி ஹொசகோட்டைக்கு அந்தப் பக்கம் முகாமுக்குப் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை என்றார்கள். நோட்டைத் திறந்து காலையில் போட்ட டிக்கை அடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, “அந்த ரெண்டு பல்பையும் எடுத்துக்க, வா” என்றார்.

அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் இரண்டு பல்பும் பஞ்சில் சுற்றி இருந்தன. கிருஷ்ணராஜபுரம் தாண்டினோம். எதிரே வரும் ஒவ்வொரு வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்தேன். தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். அந்தோணி அண்ணனுக்காக அவர் மாதாவையும் கும்பிட்டேன்.

ஹொசகோட்டை தாண்டி ஒரு மைல் போனதும், பொழுது சாய்ந்த வெளிச்சத்தில் புளியமரத்தடியில் வேன் நின்றது தெரிந்தது. பானெட் திறந்திருந்தது. எஞ்சின் இறுகிவிட்டது என்றே நினைத்தேன். கிட்டே போனால் அந்தோணி அண்ணன் ஆயில் பார்க்கும் கம்பியைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். வண்டியோரம் ஒரு கிராமத்து அம்மாள், “ஏனாயித்து? ஏனாயித்து?” என்று எல்லோரையும் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் கத்துவது கேட்டது.

“வந்தியா தம்பி!” என்றார் அந்தோணி அண்ணன். “ஆயில் இருக்கு. கம்பி முழுக்க இருக்கு. ஆனா செவப்பு எரியுது பாரு. எரிஞ்சா நிறுத்துன்னு நீதானே சொன்ன? அரை மணி நேரமா நிக்கிறேன். வண்டிய எடுத்து எஞ்சின் போச்சுன்னா இந்தப் பொண்ண நான் என்ன தோள்லயா தூக்கிட்டுப் போவேன்?”

நாங்கள் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. பிரசவம் பார்க்க நர்ஸ் பின்னறை விளக்கைப் போட்டிருக்கிறார். உடனே டாஷ்போர்டில் சிவப்பு எரிந்திருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர், நிறுத்திவிட்டார். ஆயிலில் ஒரு சொட்டுக் குறையில்லை. என் பேச்சைக் கேட்டதுதான் அவர் செய்த தப்பு.

“அண்ணே, அது ஆயில் வெளக்கு இல்ல. நான் மாத்திப் போட்டுட்டேன்” என்றேன். அவர் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து நர்ஸ் அதட்டினார். “யாரும் வண்டிய அசைக்காதீங்க! தலை தெரியுது!”

மூன்று பேரும் அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாமுவேல் சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் காலத்துக்கும் என் தலையில்தான் என்று நினைத்தேன். அப்போது ஒரு சின்ன அழுகை கேட்டது. பிறகு பெரிதாகக் கேட்டது. “ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. பொண்ணு!” என்றார் நர்ஸ். அழுதுகொண்டிருந்த அம்மாள் இப்போது சிரித்துக்கொண்டே அழுதாள். நான் புளியமரத்து வேரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதிரி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் நான் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை. என் சொந்தப் பிள்ளைகள் பிறந்தபோது கூட இல்லை. என் மனைவி இதைப் படிக்கும்போது மன்னிக்க வேண்டும்.

பல்பை மாற்ற டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தேன். டிரைவர் சீட்டில் யாரோ ஏறி உட்காருவது தெரிந்தது. மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை. நான் ஒயரைத் தொட்டேன். மேலே சாமுவேல் சார், ஒர்க்‌ஷாப்பில் கத்துவது போலவே சத்தமாகச் சொன்னார்: “சிவப்பு எரியுது. அணையுது. பச்சை எரியுது.” அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இருட்டில் படுத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். எழுந்து வந்தபோது கண்ணில் தூசி என்றேன். எத வச்சு சொல்ற என்று அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே போனேன்.

“நெறம் தெரியாதது உன் தப்பில்ல. தெரியுதுன்னு கத்தின பாரு, அதான் தப்பு. இனிமே நீ கத்தக் கூடாது. தெரியாட்டி கேக்கணும்.”

“கேக்கறேன் சார்.”

“போ. இன்னொண்ணு. எரியுற வெளக்குல நெறத்த விட்டா வேற என்னத்த வச்சு சொல்லலாம்? யோசிச்சுட்டு வா.”

யோசித்தேன். விளக்குக்கு மேலே பித்தளையில் ஒரு மூடி செய்தேன். ஆயில் விளக்கின் மூடியில் ரம்பத்தால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பின்னறை விளக்கின் மூடியில் ஒரு வட்டத் துளை போட்டேன். அந்த ஆஸ்பத்திரி வேனை மறுபடி வரவழைத்து மாட்டி, கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். கோடு கோடாக எரிந்தது, வட்டம் வட்டமாக எரிந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக டாஷ்போர்டில் எது எரிகிறது என்று என் கண்ணாலேயே தெரிந்தது. சாமுவேல் சாரும் பார்த்தார். அந்த வேன் கதவில் சாக்பீஸால் “சரி” என்று எழுதிவிட்டுப் போனார். அதை இரண்டு நாள் நான் அழிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தோணி அண்ணன் வந்தார். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

“தம்பி, என் தம்பி லாரி ஓட்டுறான். அவன் வண்டிக்கும் அந்தக் கோடு போட்ட வெளக்கு வச்சுக் குடேன்.”

“அவருக்குக் கண்ணு ஏதாவது…”

“சேச்சே, கண்ணெல்லாம் நல்லாருக்கு!” என்றார் அவசரமாக.

“எனக்கும் நல்லாத்தான் இருக்கு அண்ணே” என்றேன். அவர் என்னையே பார்த்தார். அன்று நான் பல்பை ஏன் மாற்றிப் போட்டேன் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தக் கோட்டு விளக்கைக் கேட்டு எத்தனையோ டிரைவர்கள் வந்தார்கள். பார்க்க நன்றாயிருக்கிறது என்பார்கள், சும்மா ஒரு ஸ்டைலுக்கு என்பார்கள். யாரையும் நான் காரணம் கேட்டதில்லை. போட்டுக் கொடுத்தேன்.

பேத்தியின் காரில் சாவியைத் திருப்பியதும் சின்னச் சின்ன விளக்குகள் எல்லாம் ஒரு நொடி எரிந்து அணைந்தன. ஒவ்வொன்றும் ஒரு படம். ஆயிலுக்கு ஒரு எண்ணெய்க் கிண்டி, பேட்டரிக்கு ஒரு பெட்டி. எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் இன்னும் என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“எனக்குக் கலர் தெரியாதும்மா” என்றேன். “நீ ஒவ்வொண்ணா மாத்து. மாத்தி, என்ன எரியுதுன்னு சத்தமா கத்து.”

விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கதவை மூடிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“சிவப்பு எரியுது, தாத்தா.”

“ம்.”

“பச்சை எரியுது.”